பத்தாம் நாள் காய்ச்சலும் ஐந்து வரி மின்னஞ்சலும்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருபது ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். என்னிடம் நீரிழிவுக்கு வழக்கமாக வரும் 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் உறுதியானபோது, சென்னையில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சையை முடித்து, கீமோவையும் அங்கேயே தொடங்கினார்கள். 21 நாளுக்கு ஒரு முறை மன்னை எக்ஸ்பிரஸில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு இரவு வண்டியிலேயே திரும்பிவிடுவார். இடைப்பட்ட நாட்களில் அவருக்கு எது வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவன் நான். அந்த மருத்துவமனையில் யாரும் அதை யோசிக்கவில்லை. நானும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

முதல் சுற்று முடிந்த பத்தாம் நாள் இரவு எட்டரை மணிக்குக் கணவர் அவரை அழைத்து வந்தார். காய்ச்சல் 101 டிகிரி. மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் கீமோ கொடுக்கப்பட்டது என்பதும் அடுத்த தேதியும் மட்டுமே இருந்தன. மருந்தின் பெயரோ அளவோ இல்லை. அதிலிருந்த எண்ணை அழைத்தபோது, வரவேற்பறையில் இருந்தவர், "நாளைக்குக் காலையில ஓபியில கேளுங்க சார்" என்றார். பக்கத்து லேபில் ரத்தம் பார்த்தோம். வெள்ளையணுக்கள் மொத்தம் 1,100. அதில் கிருமிகளை எதிர்க்கும் முதல் வரிசை அணுக்களான நியூட்ரோஃபில் 20 சதவீதம், அதாவது 220. அந்த எண்ணிக்கை 500-க்குக் கீழே இருக்கும்போது வரும் காய்ச்சலை விடியும்வரை விட்டுவைக்கக் கூடாது. கிருமியை எதிர்க்க அணுக்களே இல்லாத நேரத்தில் சீழோ வீக்கமோகூடச் சரியாகத் தெரியாது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லிவிட்டு, 108-இல் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு, ஆன்டிபயாடிக் ஊசியை உடனே தொடங்கினார்கள். ஐந்து நாள் கழித்து நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்.

அன்றே சென்னை நிபுணருக்கு எழுத உட்கார்ந்தேன். மின்னஞ்சலில் இப்படிக் கேட்பது முறைதானா என்ற தயக்கம் இருந்ததால், 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை முழுவதும் படித்தேன். ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவரிடம் இணையவழியில் ஆலோசனை கேட்பதற்கு அதில் இடம் உண்டு. ஆனால் கேட்பவரே சிகிச்சை அளிப்பவராகத் தொடர்கிறார், பொறுப்பும் அவருடையதே. அது நியாயமாகவே பட்டது. நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க டாக்டர். ஆனா என்ன எழுதுறீங்களோ அது எனக்கும் ஒரு காப்பி வேணும்" என்றார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது. அதன் பிறகு போன, வந்த ஒவ்வொரு மடலின் நகலும் அந்த மஞ்சள் பைக்குள் சேர்ந்தது.

முதல் மடலுக்கு ஆறு நாளாகப் பதில் இல்லை. திரும்பப் படித்தபோது காரணம் புரிந்தது: நடந்ததையெல்லாம் நான்கு நீண்ட பத்திகளில் எழுதி, கேள்வியைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். நாள் முழுவதும் நோயாளிகளைப் பார்ப்பவருக்கு அதைப் படித்துமுடிக்க நேரம் ஏது? இரண்டாவது மடலை இப்படி எழுதினேன்: "இரண்டாம் சுற்றுக்கு முன் முடிவு தேவை: மருந்தளவைக் குறைப்பீர்களா, வெள்ளையணுவைக் கூட்டும் ஊசியைச் சேர்ப்பீர்களா? முதல் சுற்று, 10-ஆம் நாள், காய்ச்சல் 101, நியூட்ரோஃபில் 220. ஐந்து நாள் உள்நோயாளி. கல்ச்சரில் கிருமி வளரவில்லை. இன்று நியூட்ரோஃபில் 2,400. வழக்கமான மருந்து மெட்ஃபார்மின் மட்டும். ஊசி என்றால் இங்கேயே போடுகிறேன். எந்த நாளிலிருந்து, எத்தனை என்று எழுதுங்கள்." காலையில் அனுப்பியதற்கு மதியம் மூன்று மணிக்குப் பதில் வந்தது: மருந்தளவைக் குறைக்க வேண்டாம்; கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து, வெள்ளையணுவைக் கூட்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசியைத் தொடங்கி, தினம் ஒன்றாக ஐந்து நாள். கீழே இரவுப் பணி மருத்துவரின் கைப்பேசி எண்ணும் இருந்தது. அந்த ஊசிக்காகச் சென்னையில் ஐந்து நாள் அறை எடுத்துத் தங்கும் செலவு அவர்களுக்கு மிச்சமானது.

அடுத்த சுற்றிலிருந்து, கொடுத்த மருந்து, அளவு, தேதி, அணுக்கள் குறையக்கூடிய நாட்கள், எந்த நிலையில் உடனே சேர்க்க வேண்டும் என்பவை அடங்கிய ஒரு பக்கம், அவர் ரயில் ஏறும் முன்பே எனக்கு வந்துவிடும். பத்தாம் நாள் ரத்த முடிவை நான் அனுப்புவேன். வாட்ஸ்அப் எளிது என்று நிபுணரின் உதவியாளர் சொன்னார். நான்தான் மின்னஞ்சலே போதும் என்றேன். மூன்று மாதம் கழித்து ஒரு முடிவைத் தேடினால் வாட்ஸ்அப்பில் நூறு படங்களுக்கு நடுவே துழாவ வேண்டியிருக்கும். தவறான குழுவுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. வாந்தியைத் தடுக்கக் கொடுத்த டெக்ஸாமெத்தசோனால் சர்க்கரை 380-க்கு ஏறியதையும் இதே வழியில்தான் சரிசெய்தோம்: நிபுணர் அதன் அளவைக் குறைத்தார், நான் அந்த நாட்களுக்கு மட்டும் இன்சுலின் சேர்த்தேன்.

கீமோ முடிந்து, புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை தொடங்கியபோது நிலைமை திசை மாறியது. மனச்சோர்வுக்காக மனநல மருத்துவர் ஒருவரிடம் அவர் ஃப்ளூயாக்ஸெடின் வாங்கி வந்ததை, மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டச் சொல்லிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். டமாக்சிஃபென்னை முழு வீரியமுள்ள பொருளாக மாற்றும் ஈரல் நொதியை அது தடுக்கும். அவர் இதைச் சாப்பிடுவது சென்னையில் யாருக்கும் தெரியாது; அவரும் சொல்லவில்லை, அங்கே கேட்கவும் இல்லை. உடனே எழுதினேன். மனநல மருத்துவரையும் அதே மடலில் சேர்த்துக்கொண்டு, மனச்சோர்வுக்கான வேறு மருந்தான வெண்லாஃபாக்ஸினுக்கு மாற்றலாம் என்று நிபுணர் பதில் எழுதினார். அதன்படி படிப்படியாக மாற்றினோம்.

சென்ற மாதம் குடல் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கப்போகும் முதியவர் ஒருவர் வந்தார். அவர் ரயிலுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே, வேறொரு மருத்துவமனையில் உள்ள அவருடைய நிபுணருக்கு ஐந்து வரி எழுதி, இரவில் யாரை அழைப்பது என்று முதல் வரியிலேயே கேட்டேன்.