உப்புக்காற்றும் கடைப் பொருளும்

வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கலாமென்று இராமநாதபுரத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் விலை, தவணை, நிறம், மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரம் ஆகியவற்றைப் பற்றி விற்பனையாளர் சலிக்காமல் பேசுவார். வீடு கடலிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது, எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, குழாயில் வருவது காவிரித் தண்ணீரா போர்த் தண்ணீரா என்று மட்டும் கேட்கமாட்டார். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம் வழியாகக் கீழக்கரை, மூக்கையூர் வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் நட்சத்திரத்துக்கும் நிறத்துக்கும் பொருள் உண்டு. விளம்பரத்தில் காட்டப்படும் நன்மைகள் பொய்யென்று நான் சொல்லவில்லை. அவை கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ உண்மையாக இருக்கக்கூடியவை.

எங்கள் சமையலறையில் கல் உப்பு வைத்திருக்கும் ஜாடியின் அடியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தண்ணீர் கோத்து நிற்கும். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் உப்பானாலும் சரி, வேறெங்கிருந்து வந்தாலும் சரி, சுத்திகரிக்காத கடலுப்பு இப்படித்தான் கசியும். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்க்கும். ஆனால் கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். ஜாடிக்குள் நடப்பதுதான் ஜன்னல் கம்பியிலும், பைக்கின் சைலன்சரிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலும் நடக்கிறது. அலையில் தெறித்துக் காற்றில் வரும் உப்புத் துகள் உலோகத்தின்மேல் படிந்துவிட்டால், வெயில் காயும் பகலில்கூட அந்த இடம் முழுதாக உலர்வதில்லை. ஈரமும் குளோரைடும் சேர்ந்த இடத்தில் இரும்பு நிலைக்காது. மழை பெய்தால் துரு பிடிக்கும் என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். எங்களுக்கோ நல்ல மழை உப்பைக் கழுவிவிடும் உபகாரி, மழையில்லாத ஈரக்காற்றுதான் எதிரி.

இதை முழுதாக உணர்ந்து செலவு செய்தவர்கள் ரயில்வே துறையினர். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தைச் சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் ஒரு நூற்றாண்டு ஓயாமல் நடந்த வேலை. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், முழுதும் பற்றவைத்த இணைப்புகளும், உயர்தர அரிப்புத்தடுப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. அந்தப் பாலத்தின்மீது அடிக்கும் அதே காற்றில்தான் ஒரு சாதாரணக் குடும்பம் மெல்லிய தகட்டில் செய்த பீரோவை வாங்கி வைக்கிறது.

பீரோவின் கவர்ச்சியை நான் மறுக்கமாட்டேன். பூட்டு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, கரையான் ஏறாது, சீர்வரிசையில் லாரியிலிருந்து இறக்கும்போது தெருவே பார்க்கும். சிக்கல் தொடங்குவது எப்போதும் அடியில்தான். தரையைத் துடைக்கும் ஈரம் கால்களைச் சுற்றித் தங்கும். காலும் தகடும் சேரும் மடிப்பில் பெயிண்ட் முதலில் சிறு கொப்புளமாகப் பொருமும். விரல் நகத்தால் தட்டினால் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காக உதிரும். உள்ளே அடித்தட்டில் வைத்த பட்டுச்சேலையின் மடிப்பில் துருக்கறை ஏறினால் எந்தச் சலவைக்கும் போகாது. பீரோவை வாங்கி வந்த அன்றே, துணிகளை அடுக்குவதற்கு முன், சாய்த்துப்போட்டு அடிப்பாகத்துக்குத் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்ஸைடு அடித்து, அதன்மேல் இரண்டு பூச்சுப் பெயிண்ட் அடித்து, கால்களுக்குப் பிளாஸ்டிக் குப்பி மாட்டுவது கூடுதல் வேலையாகத் தெரியலாம். இங்கே அதுவும் விலையில் ஒரு பகுதிதான்.

துருப்பிடிக்காத எஃகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மாடிப்படிக்கும் வாசலுக்கும் ‘எஸ்.எஸ்.’ கைப்பிடி வைப்பது இப்போது எல்லா ஊர்களிலும் பரவியிருக்கிறது. பட்டறைக்காரர் அடிக்கணக்கில் விலை சொல்வார். எந்தத் தரம் என்பதைச் சொல்லமாட்டார், நாமும் கேட்பதில்லை. எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகும். 304 என்ற தரத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை அதிகம் என்பதால், அதைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்துச் செய்வது 202 போன்ற தரங்கள். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரே பளபளப்பு. கடலோரத்தில் 202-இன்மேல் விரைவிலேயே தேநீர் சிந்தியது போன்ற பழுப்புப் புள்ளிகள் வரத் தொடங்கும், பற்றவைத்த இடங்களில் முதலில் வரும். 304-உம் கடலை நேராகப் பார்த்த வீட்டில் காலப்போக்கில் கறைபடும். குளோரைடைத் தாங்குவதற்கென்றே 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்த்தது 316; அதன் விலையைக் கேட்டால் பலர் மரக் கைப்பிடியே போதும் என்று திரும்பிவிடுவார்கள், அது கெட்ட முடிவும் அல்ல.

கடையில் காந்தத்தை ஒட்டிக் காட்டி, ‘பாருங்கள், ஒட்டவில்லை, ஒரிஜினல்’ என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. 304-லும் காந்தம் ஏறக்குறைய ஒட்டாது, 202-லும் ஒட்டாது. எனவே அந்தச் சோதனை நமக்குத் தேவையான வேறுபாட்டை மட்டும் காட்டாது. பில்லில் தரத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்வதே எளிய வழி. எழுத மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது அதைவிட எளிது. சமையலறை எவர்சில்வர் பாத்திரங்களைப் பொறுத்தவரை இவ்வளவு பதற்றம் வேண்டியதில்லை. உப்பை மட்டும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. அடியில் ஊசி முனை அளவுக்குக் குழி விழுந்து, ஒருநாள் அலமாரியில் உப்புநீர் ஒழுகும்.

குளிர்சாதன எந்திரத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கும் காலம் போய்விட்டது. சித்திரையில் இரவிலும் புழுக்கம் இறங்காத ஊரில், காற்றின் ஈரத்தைக் குறைத்துத் தரும் ஏசியின் அருமை வயதானவர்கள் இருக்கும் வீட்டில் தெரியும். ஆனால் அதன் பாதி வீட்டுக்கு வெளியே தொங்குகிறது என்பதை வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை. வெளிப்புறப் பெட்டியில் செம்புக் குழாய்களைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் இருந்தால், அது ஒரு சிறு மின்கலமாகவே வேலை செய்யும். அதில் அலுமினியம்தான் தின்னப்படும். தகடுகள் வெள்ளைப் பொடியாகி உதிர்ந்தபின் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது, மின்கட்டணம் ஏறும். தகடுகளின்மேல் பூசப்படும் நீலப் பூச்சு ஓரளவு காக்கும், வெட்டு விளிம்புகளில் அது முழுமையாக இருப்பதில்லை. முழுதும் அலுமினியத்தால் ஆன நுண்குழாய் வகைகளில் இந்த இரு உலோகச் சண்டை குறைவு என்றாலும், ஓட்டை விழுந்தால் உள்ளூர் மெக்கானிக்கால் அடைப்பது கடினம். செம்பை அவர் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். விலை சற்றுக் கூடினாலும் செம்பு, அதிலும் பூச்சுள்ளது என்பதே என் கட்சி.

அதைவிட முக்கியமானது எங்கே மாட்டுகிறோம் என்பது. பாக் நீரிணைப் பக்கத்து வீட்டை வாடைக்காற்று அடிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கத்து வீட்டைத் தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும். அந்தந்தக் காற்றுக்கு முதுகு காட்டும் சுவரில் பெட்டியை வைத்தால் உப்பு படிவது வெகுவாகக் குறையும். எங்கள் வீட்டுக்குப் பொருத்த வந்த பையன் குழாயின் நீளத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கடல் பக்கத்துச் சுவரிலேயே துளை போடப் பார்த்தான். பெரியவர் ஒருவர் குறுக்கிட்டு, “தம்பி, அந்தப் பக்கம் ஜன்னல் கம்பியைப் பாத்துட்டுத் துளை போடுப்பா” என்றார். கம்பி அரைவாசி காணாமல் போயிருந்தது. பெட்டி பின்சுவருக்குப் போனது.

மாதம் ஒருமுறை வெளிப்பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள் என்று கையேடு சொல்லும். கையேடு எழுதியவருக்குத் தெரியாது, இங்கே கழுவுவதற்குக் கையில் இருப்பது பெரும்பாலும் உப்புப் போர்த் தண்ணீர் என்று. அதைக்கொண்டு கழுவினால் காய்ந்தபின் முன்னைவிட உப்பு கூடியிருக்கும். குடிக்கும் தண்ணீரில் இரண்டு குடம் எடுத்து எந்திரத்தைக் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீருக்குத் தள்ளுவண்டி தள்ளிய வீட்டில் அதைச் செய்ய மனம் வராது.

அந்தத் தள்ளுவண்டியையும் இந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்து, குடம் உட்காரும் அளவுக்கு வட்டங்கள் அமைத்து, சிறு சக்கரங்கள் பூட்டிய அந்த வண்டி எந்த நிறுவனத்தின் தயாரிப்பும் அல்ல. உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்வது. இடுப்பில் ஒரு குடம் சுமந்த பெண்கள் ஒரே நடையில் பல குடங்கள் கொண்டுவர அதுதான் வழி செய்தது. அதுவும் துருப்பிடிக்கும். ஆனால் எந்தக் கம்பி அறுந்தாலும் அதே பட்டறையில் அன்றைக்கே ஒட்டிக்கொள்ளலாம், மொத்த வண்டியையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதில் உட்காரும் பிளாஸ்டிக் குடத்தின் கதை வேறு. துருப்பிடிக்காது, எடை இல்லை, விலை மலிவு, மூன்றும் உண்மை. வெயில்தான் அதைக் கொல்லும். வெயிலில் கிடந்த குடமும் நாற்காலியும் முதலில் நிறம் வெளுத்து, தொட்டால் விரலில் மாவு போல ஒட்டி, பிறகு கழுத்திலோ காலிலோ சொல்லாமல் விரியும். நிழலில் வைத்தால் ஆயுள் பல மடங்கு நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும், நிழல்தான் கிடைப்பதில்லை.

தண்ணீர் சுத்திகரிப்புக்கு ஆர்.ஓ. எந்திரம் வாங்குவதைப் பற்றி இருபக்கமும் தீவிரமாகப் பேசுகிறார்கள். தாதுக்கள் போய்விடுகின்றன, தண்ணீர் வீணாகிறது என்று எதிர்ப்பவர்கள் சொல்வது சரி. ஆனால் இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகளின் விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு ஆதாரமே இல்லையென்றால் 2000 வரை என்பதை வைத்துப் பார்த்தால், கடலோரத்துப் போர்த் தண்ணீரில் பெரும்பகுதிக்கு வேறு வழியே இல்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வரும் வீட்டில் நிலைமை வேறு, அங்கே ஆர்.ஓ. தேவையற்ற செலவு. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 500-க்குக் கீழுள்ள நீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடைசெய்யும்படி கூறியது இந்தக் காரணத்தால்தான். எனவே எந்திரத்துக்கு முன் வாங்க வேண்டியது, சில நூறு ரூபாயில் கிடைக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர். அது கிருமியைக் காட்டாது, உப்பின் அளவை மட்டும் காட்டும். முடிவெடுக்க அது போதும்.

வீட்டு ஆர்.ஓ. எந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் கழிவுநீரை வெளியேற்றும். உள்ளே போகும் நீர் உப்பாக இருக்க இருக்க அந்த விகிதம் இன்னும் மோசமாகும், சவ்வும் சீக்கிரம் அடைபடும். கழிவுநீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். எங்கள் போர்த் தண்ணீரின் கழிவை ஊற்றினால் முருங்கைகூடத் தாங்காது. கழிவறைக்கு விடலாம், வேறொன்றுக்கும் ஆகாது. முக்கியமாக, பைக்கைக் கழுவக் கூடாது. துணி துவைக்கும் எந்திரம், கீசர் ஆகியவற்றுக்கும் கடினநீரே முதல் எதிரி. சூடேறும் இடத்தில் சுண்ணாம்பு படியும், ஆதலால் சூடாக்கும் வசதி கொண்ட விலையுயர்ந்த துவைப்பு எந்திரத்தை இங்கே வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாலை வடிநீர் தவிர வேறெந்த நீரையும் ஊற்றாமல் இருந்தால், புயல் காலத்தில் அதைப் போன்ற உதவி வேறில்லை.

உத்தரவாத அட்டையை விற்பவர் உயர்த்திக் காட்டுவார். துருவும் உப்பரிப்பும் அந்த உத்தரவாதத்தில் அடங்காது என்ற வரி பல அட்டைகளில் சிறிய எழுத்தில் உண்டு. ஆகவே ஐந்து ஆண்டா பத்து ஆண்டா என்பதைவிட, பழுது பார்ப்பவர் இராமநாதபுரத்தில் இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா என்று கேட்பது பயனுள்ளது.

இப்போது அக்காள் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகி, தேவிபட்டினத்துக்கு அனுப்பச் சீர்ப் பட்டியல் போடுகிறார்கள். பீரோவுக்குப் பதிலாகத் தேக்கு அலமாரி செய்யலாம் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அக்கா கேட்டாள். பீரோவுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ரெட் ஆக்ஸைடும் பெயிண்டும் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.