தேன் தொட்ட விரல்
பிள்ளைக்கு இன்னைக்கு 40 நாள். அம்மா வீட்டுல இருந்து மார்த்தாண்டத்துல மாமியார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆவுது, அதுக்குள்ள வெப்ராளம் தாங்க முடியல. பிள்ள லேசா சிணுங்குனா போதும், பால் பத்தலன்னு சொல்லி மாமி என் மடியில இருந்தே தூக்கிட்டுப் போயிருதாவ. வேதுத்தண்ணி வச்சு என்னைய குளிப்பாட்டுறதும் உளுந்தங்களி கிண்டித் தாறதும் அவியதான், அத நான் மறக்கல.

ஆனா நேத்து நான் குளிச்சிட்டு வாறேன், விரல்ல தேனத் தொட்டு பிள்ள நாக்குகிட்ட கொண்டு போறாவ. ஓடிப்போய் கையப் பிடிச்சிட்டேன். "நம்ம ஊருத் தேனு மக்ளே, மூணு பிள்ளைய வளத்தவ நான்" னு கண்ணு கலங்கிட்டாவ.

எவ்வளவு சுத்தமான தேனா இருந்தாலும் 1 வயசு வரைக்கும் குடுக்கவே கூடாது, அதுல பாக்டீரியா இருந்தா பச்சப்பிள்ள குடல்ல வளந்து விஷமாயிரும், தச தளந்து மூச்சு விடவே கஷ்டமாயிரும். 6 மாசம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம்.

நான் சொன்னா எதுத்துப் பேசுற மாதிரி ஆவுது. ஒன்றர மாச ஊசிக்கு மாமியையும் கூட்டிட்டுப் போறேன், நர்ஸ் வாயால கேக்கட்டும். உங்க அம்மாகிட்ட நீங்களும் பேசணும்னு வீட்டுக்காரர்ட்டயும் சொல்லிட்டேன். ராத்திரி மாமிதான் பிள்ளையத் தோள்ல போட்டு ஏப்பம் வர்ற வரைக்கும் தட்டிட்டே நடந்தாவ.