பெரியம்மையின் கேஸ் ஷீட்: ஒரு நாட்குறிப்பு

2024 ஜூலை 8, திங்கள், பாளையங்கோட்டை

பெரியம்மைக்கு நடக்கும்போது மறுபடியும் நெஞ்சில் இறுக்கம் வருகிறது. நேற்றே கல்லிடைக்குறிச்சியிலிருந்து அழைத்து வந்து, இன்று இங்கே ஓர் இதய மருத்துவரிடம் காட்டினோம். 2021 ஆகஸ்டில் எந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள், அதன் அளவு என்ன, அப்போது மற்றக் குழாய்களில் எவ்வளவு அடைப்பு இருந்தது என்று அவர் பொறுமையாகக் கேட்டார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது, நோயாளி நலமாக உள்ளார் என்பதற்கு மேல் அதில் அதிகமாக எதுவும் இல்லை. பணம் கட்டிய ரசீதுகள் மட்டும் ஒன்று விடாமல் இருந்தன. அது கொரோனாக் காலம். கூட இருந்தவர்களை வார்டுக்குள் விடவில்லையாதலால், உள்ளே என்ன நடந்தது என்று சொல்லவும் குடும்பத்தில் ஆளில்லை.

சாய மருந்து செலுத்தி ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும் என்றும், அதன் பழைய சி.டி.யும், மருத்துவமனையில் இருந்தபோது எழுதி வைத்த சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டும் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். தன் உடம்பில் செய்த வேலைக்கான குறிப்பு நோயாளியின் கையில் இல்லாமல் இருப்பதை நாம் இயல்பென்று ஏற்றுக்கொண்டு பழகிவிட்டோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் பதிவேடுகளை வாங்கும் வழியைத் தேதியிட்டு எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறொரு குடும்பத்துக்குப் பயன்படட்டும்.

2024 ஜூலை 9, செவ்வாய்

விதிகளைத் தேடிப் படித்தேன். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வெளியிட்ட நன்னடத்தை ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் மருத்துவர் பாதுகாத்து வைக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்த உதவியாளரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய ஒழுங்குமுறைகளை அறிவித்து அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டதால், 2002ஆம் ஆண்டு விதிகள்தாம் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனமும் இதையே சொல்கிறது. அனுமதிக்கப்பட்டிருக்கும் காலத்திலேயே 24 மணி நேரத்துக்குள் நகல் கொடுப்பது நல்லது என்றும், நகலெடுக்கும் செலவை நோயாளியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது.

பெரியம்மை சேர்ந்தது 2021 ஆகஸ்ட். அப்படியென்றால் அந்த 3 ஆண்டுக் கெடு அடுத்த மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு அந்த ஃபைலை அவர்கள் அழித்தாலும் இந்த விதியைக் காட்டி நம்மால் ஒன்றும் சொல்ல முடியாது.

இரவு கடிதம் எழுதினேன். பெயரை மருத்துவமனைச் சீட்டில் உள்ளபடியே எழுதி, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, வீட்டுக்கு அனுப்பிய தேதி ஆகியவற்றைக் குறித்தேன். பொதுவாக எல்லா ஆவணங்களும் வேண்டும் என்று எழுதினால் அந்த ஒரு பக்கச் சம்மரியையே மறுபடி எடுத்துத் தந்துவிடுவார்கள் என்பதால், கேஸ் ஷீட், ஆஞ்சியோகிராம் அறிக்கையும் சி.டி.யும், சிகிச்சைக் குறிப்பு, ஸ்டென்ட் விவரம், செவிலியர் குறிப்பு, மருந்து அட்டவணை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்கோ என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டேன். எனக்கு அதிகாரமளிக்கும் கடிதம் தனித் தாளில். "எய்யா, ஒப்பு எங்கன போடணும்?" என்று கேட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு தாளையும் முழுக்க வாசித்த பிறகுதான் பெரியம்மை கையெழுத்துப் போட்டார்கள்.

2024 ஜூலை 11, வியாழன்

ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குக் கடிதத்தோடு போனேன். அதன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நகரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. வரவேற்பில் இருந்தவர், கேஸ் ஷீட்டைக் கோர்ட்டு கேட்டால்தான் கொடுப்போம் என்றார். அடுத்து உள்ளே இருந்து வந்த மூத்த அலுவலர், "எதுக்குக் கேக்கிய? கேஸ் போடப் போறியளா?" என்று நேராகவே கேட்டார். இல்லை, அடுத்த சிகிச்சைக்கு வேண்டும் என்று சொன்னேன். உண்மையில் காரணமே சொல்ல வேண்டியதில்லை. விதி எந்தக் காரணத்தையும் கேட்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலிருந்து, ஃபைலைக் கேட்பவர் வழக்குக்காகத்தான் கேட்கிறார் என்ற எண்ணம் பல மருத்துவமனைகளில் ஊறிக் கிடக்கிறது. நன்றாகச் சிகிச்சை செய்த மருத்துவருக்கு அந்தக் கேஸ் ஷீட்டே முதல் சாட்சி என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குரலை உயர்த்தாமல், விதியின் நகலை மேசைமேல் வைத்து, கடிதத்தின் இரண்டாம் பிரதியில் தேதியும் முத்திரையும் போட்டுத் தரும்படி கேட்டேன். அதற்கும் தயங்கினார்கள். முத்திரை இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புவேன் என்றும், அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதுவேன் என்றும் சொன்ன பிறகு முத்திரை விழுந்தது. இந்த முத்திரை இல்லாமல் 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று யாரிடமும் காட்ட முடியாது. கடிதம் கொடுக்கப் போகிறவர்கள் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

2024 ஜூலை 14, ஞாயிறு

பக்கத்து வீட்டு மைனி பீடி சுற்றுகிறவர். அவருக்கு ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை நடந்தது. அந்தச் சீட்டுகளை எல்லாம் ஒரு மஞ்சப் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். ஓ.பி. சீட்டு மடித்த இடத்தில் கிழிந்து, மருந்தின் பெயர் பாதியோடு நின்றிருந்தது. அரசு மருத்துவமனையிலும் இதே உரிமை உண்டு. முதலில் நிலைய மருத்துவ அலுவலரிடம், ஆர்.எம்.ஓ. என்று எல்லாரும் சொல்கிறவரிடம், ஐ.பி. எண்ணோடு மனுக் கொடுக்கலாம். அங்கே இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். உயிரைப் பற்றிய தகவலானால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் உண்டு. தனியார் மருத்துவமனைக்கு நேராக இந்த வழியில் எழுத முடியாது.

2024 ஜூலை 15, திங்கள்

ஆவணங்கள் கிடைத்தன. நகல் செலவுக்கு ரசீதும் கொடுத்தார்கள். அந்த மூத்த அலுவலரே கட்டை எடுத்துவந்து, பக்கங்களை என் முன்னால் எண்ணிக் கொடுத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன்.

வீட்டில் மேசையில் பரப்பிப் படித்தோம். சிகிச்சைக் குறிப்பின் ஓரத்தில் ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: விட்டம் 3 மி.மீ., நீளம் 28 மி.மீ., கீழே தயாரிப்புத் தொகுதி எண். மருத்துவர் கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சின்ன ஸ்டிக்கரில் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் செவிலியர் குறிப்பில் கிடைத்தது. ஆஞ்சியோகிராமுக்குச் சாய மருந்து செலுத்திய சிறிது நேரத்தில் கழுத்திலும் கைகளிலும் தடிப்பு எழுந்ததாகவும், ஒவ்வாமையை அடக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனும் ஏவிலும் ஊசியாகப் போட்ட பின் அடங்கியதாகவும், மணி நேரத்தோடு யாரோ ஒரு செவிலியர் நீல மையில் தெளிவாக எழுதியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரியம்மைக்கு நினைவு வந்தது: "ஆமா, அன்னைக்கு ஒரே அரிப்பு. கொசு கடிச்சுட்டுன்னுல்லா நெனச்சேன்."

சாய மருந்து ஒருமுறை ஒவ்வாமல் போனவருக்கு மறுமுறையும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அடுத்த வாரம் அதே சாய மருந்தைத்தான் செலுத்த இருந்தார்கள். அந்தச் செவிலியர் யாரென்று தெரியவில்லை. கொரோனாக் கால நெருக்கடியிலும் அந்த வரிகளை எழுதி வைத்த அவர் நன்றாக இருக்க வேண்டும்.

2024 ஜூலை 18, வியாழன்

வாங்கியதைக் காப்பது தனி வேலை. இ.சி.ஜி. தாள் வெப்பத்தில் எழுத்துப் பதியும் வகையைச் சேர்ந்தது. வெயில் பட்டாலும், பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் கிடந்தாலும் கோடுகள் மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துத் தேதி எழுதி வைப்பதுதான் வழி. பெரியம்மையின் பழைய இ.சி.ஜி. ஒன்றில் இப்போது கட்டங்கள் மட்டும் தெரிகின்றன. இதயம் துடித்த கோடு போய்விட்டது. சி.டி.யைக் கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன். தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி ஃபைலில் கோத்தேன். நோய், ஸ்டென்ட் விவரம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதி, சாய மருந்து ஒவ்வாமையைச் சிவப்பு மையில் குறித்தேன். ஆதாரில் ஒரு முதலெழுத்தும் மருத்துவமனைச் சீட்டில் வேறொன்றும் இருப்பதையும் அங்கேயே எழுதிவிட்டேன், பின்னால் காப்பீட்டுக்குப் போகும்போது அதுவே தகராறாகும்.

2024 ஜூலை 23, செவ்வாய்

இதய மருத்துவர் செவிலியர் குறிப்பை இரண்டு முறை படித்தார். ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, கிரியேட்டினின் மறுபடி பார்த்து, தேவையான அளவுக்கு மட்டும் சாயம் செலுத்திச் செய்வதாகச் சொல்லித் தன் சீட்டிலும் ஒவ்வாமையை எழுதிக்கொண்டார். பழைய சி.டி.யில் வலப்பக்கக் குழாயில் அப்போதே பாதி அளவு அடைப்பு இருந்தது தெரிந்தது. இப்போதைய வலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

வெளியே பதிவு மேசையில் பெரியம்மைக்கு ஆபா எண் (மருத்துவ அறிக்கைகளை ஒன்றாக இணைக்கும் டிஜிட்டல் அடையாள எண்) எடுத்துக் கொடுத்தார்கள். 14 இலக்கம்; 2021இல் நாடு முழுவதும் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தைச் சேர்ந்தது. இனி வரும் அறிக்கைகளை அதில் இணைக்கலாம். பழைய ஃபைல் தானாக அதில் வந்து சேராது. கேட்டு வாங்கினால்தான் உண்டு.

மைனிக்கும் ஆர்.எம்.ஓ.வுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். 2021 கொரோனா அலையில் மருத்துவமனையில் கிடந்து வந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு 3 ஆண்டு நிறைந்துவிட்டது, சிலருக்கு இந்த மாதமும் அடுத்த மாதமும் நிறைகிறது. நிறைந்திருந்தாலும் பல இடங்களில் ஃபைல் இன்னும் அலமாரியில் இருக்கும். ஐ.பி. எண்ணைத் தேடி எடுத்து, கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.