சென்ற நேரம்

அக்டோபர் 19
நாவலைத் தொடங்கிவிட்டேன். ஊருக்குக் கற்பனைப் பெயர் வேண்டாம், தரங்கம்பாடியே இருக்கட்டும். 1620-இல் டேனியர்கள் கட்டிய கோட்டை, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர் என்றதும் வெள்ளைக்காரப் பேயைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது கோட்டை அருங்காட்சியகத்தின் காவலரும் அவர் மேசையில் இருக்கும் வருகைப் பதிவேடும் மட்டும்தான்.

அக்டோபர் 20
ரிப்போர்ட் வரவில்லை.

அக்டோபர் 23
மூன்றாம் அத்தியாயம். கோட்டையைப் பூட்டிய பிறகு பதிவேட்டில் ஒரு புதிய கையெழுத்து. காவலர் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறார், மை ஒட்டுகிறது. வந்த நேரம் 5.45. சென்ற நேரம் காலி. முகவரி: மாசிலாமணிநாதர் கோயிலுக்குக் கிழக்கே மூன்றாவது வீடு.

கோயிலுக்குக் கிழக்கே கடல்தான் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. அதிலேயே பெரும்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. நேற்று மாலை அங்கே நின்று கிழக்கே முதல் வீடு, இரண்டாவது வீடு என்று மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வீட்டுக்கு மேல் ஒரு நாட்டுப்படகு போய்க்கொண்டிருந்தது.

இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடியபடியே கேட்டாள். “அவன் சாப்பிட்டானா?” என்றாள்.

அக்டோபர் 24
கஞ்சி இரண்டு வாய். சுரம் இல்லை.

அக்டோபர் 26
கடைசியில் சிலை கடத்தல் கும்பல் என்று முடித்துவிடு, வாசகர்கள் அதைத்தான் ஒப்புக்கொள்வார்கள் என்கிறான் தம்பி. இரவு முழுவதும் கோபம் அடங்கவில்லை. பேயைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் போலீஸ் ஜீப்பை வரவழைக்கும் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவள் நான். ஒவ்வொரு முறையும் ஏமாந்திருக்கிறேன். அதுவரை உயிரோடு இருந்த வீடு, அந்த ஜீப் வந்ததும் வெறும் வீடாகிவிடும். என் காவலருக்கு அதைச் செய்ய மாட்டேன்.

இன்னொன்றும் செய்ய மாட்டேன். 2004 டிசம்பரில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். கடல் கொண்டுபோனவர்களை வைத்து யாரையும் அலறவைக்கக் கூடாது. வருகிறவன் கையெழுத்துப் போடட்டும், சுற்றிப் பார்க்கட்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 27
போன் அடித்தது. கேஸ் ஏஜென்சி.

அக்டோபர் 29
நாகையிலும் காரைக்காலிலும் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. தொலைவில்தான் இருக்கிறது என்று பொருள். 10 என்றால் பேரபாயம். அதற்கு மேலும் ஒன்று உண்டு: 11. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி அங்கிருந்து எந்தச் செய்தியும் வராது. பத்தைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆறாம் அத்தியாயத்துக்கு 11 என்றே பெயர் வைத்துவிட்டேன்.

எத்தனை நாள்தான் ஒரு ஆய்வகத்துக்கு வேண்டும்?

அக்டோபர் 30
மழை. அம்மா நன்றாகத் தூங்கினாள். நான் பதிவேட்டுப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுந்தவுடன் கேட்டாள்: “அவன் எப்போது வெளியே போனான் என்று எழுதிவிட்டாயா?”

இல்லை என்றேன்.

“எழுதிவிடு. காவல்காரர் வீட்டுக்குப் போக வேண்டாமா?”

அந்தக் கட்டம் காலியாக இருப்பதால்தான் அது பேய்க்கதை. அம்மாவிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 1
ஆய்வகத்திலிருந்து பேசினார்கள். போனில் எதுவும் சொல்லவில்லை, நாளை காலை இருவரும் நேரில் வர வேண்டுமாம். மயிலாடுதுறை பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கே எழ வேண்டும். அம்மா பையை எடுத்து வைத்துவிட்டாள். ஏழாம் அத்தியாயத்தைப் பஸ்ஸில் படிக்கச் சொல்கிறாள். பாதிதான் ஆகியிருக்கிறது, இப்போது உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.