டெல்டா தண்ணீரில் டிஸ்கஸ்

டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். போர், நகராட்சிக் குழாய், ஆர்.ஓ. என்று வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனியே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் ஒருவருக்குச் சரிப்பட்ட கணக்கு, போரில் உப்பேறிய வேதாரண்யத்துக்காரருக்கு உதவாது. ஒரே போரில்கூட சித்திரையில் காட்டும் எண்ணும் கார்த்திகையில் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது. மாதம் ஒருமுறை அளப்பது நல்லது.

அமேசானில் இந்த மீன் வாழ்வது உப்புச்சத்து மிகக் குறைந்த, புளிப்பான நீரில். பண்ணையில் பிறந்த குஞ்சுகளுக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. டிடிஎஸ் 150 முதல் 300, நீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் 6.5 முதல் 7.5, வெப்பம் 28 முதல் 30 டிகிரி போதும். எண்ணைவிட முக்கியம், அது நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பது.

போர் 900, ஆர்.ஓ. 50 என்று வையுங்கள். மூன்று குடம் ஆர்.ஓ.வுக்கு ஒரு குடம் போர் கலந்தால் சுமார் 260 வரும். முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றினால் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க அதில் எதுவும் இருக்காது, சில நாளில் சரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரைப் பிடிக்கலாம். முதல் இரண்டு மழை தளத்தைக் கழுவிப் போகட்டும், அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். வாய்க்கால், வயல் கிணற்றுத் தண்ணீர் மட்டும் வேண்டாம். குறுவைக்கு அடித்த மருந்து அதில் இருக்குமா இருக்காதா என்று எந்த மீட்டரும் சொல்லாது.

கலந்த தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் ஊற்றி, காற்றைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓடவிட வேண்டும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறியதும் பிஎச் ஏறும். எடுத்தவுடன் அளந்தது 6.9, மறுநாள் 7.6 என்பது சாதாரணம். இரும்பு இருந்தால் பழுப்பாகி அடியில் படியும், மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். நகராட்சித் தண்ணீரானால் குளோரினுக்கு சோடியம் தயோசல்பேட் படிகம், 100 லிட்டருக்கு 1.5 கிராம். இந்த அளவு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) குளோரின் வரை முறிக்கும்.

தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி. 300 லிட்டர் பிடிக்கும், ஆறு மீனுக்குச் சரியாக இருக்கும். ஆறுக்குக் குறைத்தால் வலுத்தது ஒன்று இளைத்தது ஒன்றையே துரத்தும். கண்ணாடி, ஸ்டாண்டோடு எடை 400 கிலோவை நெருங்கும். பழைய வீட்டு மரத்தள மாடியில் வைக்காதீர்கள். மணல், கல் எதுவும் போடாத வெறும் தரையே தொடக்கத்துக்கு நல்லது. பின்பக்கக் கண்ணாடிக்கு வெளிர்நீலம் அடியுங்கள். கறுப்பு அடித்தால் பிஜியன் பிளட் என்ற டிஸ்கஸ் வகைகளின் உடம்பில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளி கிளம்பும்.

ஃபில்டருக்குப் பெரிய ஸ்பாஞ்ச் இரண்டு, ஆளுக்கொரு ஏர் பம்ப். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த பகுதி இது. ஏர் பம்ப் சில வாட்தான் இழுக்கும், சாதாரண இன்வெர்ட்டரே நெடுநேரம் தாங்கும். நின்றுபோன கேனிஸ்டருக்குள் நல்ல பாக்டீரியா செத்து நாறும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போனால் மீன் தப்பாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று கொசு மருந்து. லிக்விட், சுருள் இரண்டிலும் உள்ள பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம். அறைக் காற்றை ஏர் பம்ப் உறிஞ்சி நேராகத் தண்ணீரில்தான் விடுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான்.

ஹீட்டர் 300 வாட் ஒன்றுக்குப் பதில் 150 வாட் இரண்டு போடுங்கள். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது. இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டரா என்று கேட்பவர்களுக்கு மார்கழி விடியற்காலை பதில் சொல்லும். தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கினால் டிஸ்கஸ் இரையைத் தொடாது. சித்திரை, வைகாசியில் சிக்கல் தலைகீழ். 33 தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வீசினால் இரண்டு டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள், போர் ஊற்றினால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும்.

அடுத்தது, மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியாவை ஸ்பாஞ்சில் வளர்ப்பது. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், இதில் குறுக்குவழி தேடியவர்கள்தான் அதிகம் மீனை இழந்தவர்கள். லேப் கெமிக்கல் கடையில் அமோனியம் குளோரைடு கிடைக்கும். 300 லிட்டருக்கு 2 கிராம் போட்டால் அமோனியா சுமார் 2 பிபிஎம் காட்டும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே உப்புதான், ஆனால் சுத்தத்துக்கு உத்தரவாதமில்லை. அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். போட்ட 2 பிபிஎம்மும் ஒரே நாளில் தீர்ந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். இந்தக் கட்டத்தில் உப்பேறாத போர் தண்ணீரையே கலக்காமல் வையுங்கள். ஆர்.ஓ. மிகுந்தால் பிஎச் 6-க்குக் கீழே போய் பாக்டீரியா சுணங்கிவிடும். மீன் விடும் முந்தின நாள் முழுத் தண்ணீரையும் மாற்றி, கலவைத் தண்ணீருக்கு வாருங்கள்.

மீன் இரண்டரை, மூன்று அங்குலத்தில், ஆறையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். இரண்டு பண்ணை மீனைக் கலந்தால் ஒன்றின் கிருமி மற்றதுக்குப் பழக்கமில்லாமல் மொத்தக் கூட்டமும் கறுத்துப் படுத்துவிடும். உடம்பு வட்டமாக, கண் சிறியதாக இருக்க வேண்டும். சின்ன உடம்பில் பெரிய கண் என்றால் வளர்ச்சி நின்றுபோன மீன். இரு செவுளும் அசைகிறதா, இரை போட்டால் முன்னால் வருகிறதா, கழிவு கறுப்பா வெள்ளையா என்று பாருங்கள். இரண்டங்குலக் குஞ்சு பெரிய மீனின் நிறத்தில் ஜொலித்தால் ஹார்மோன் கொடுத்திருக்கலாம்.

சென்னை கொளத்தூரிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஒருநாள் பட்டினி போட்டு, ஆக்சிஜன் பையில், தெர்மோகோல் பெட்டியில் கட்டச் சொல்லுங்கள். வந்ததும் பையை மூடியபடி அரைமணி மிதக்கவிட்டு, பிரித்தவுடன் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்கும் வழக்கம் இங்கே கெடுதல். பைக்குள் பிஎச் தாழ்ந்திருப்பதால் சேர்ந்த அமோனியா அதுவரை தீங்கற்று இருக்கும். பை திறந்து பிஎச் ஏற ஏற அதுவே விஷமாகும். அதனால்தான் கடைக்காரர் தண்ணீரின் டிடிஎஸ்ஸை முன்கூட்டியே கேட்டு, தொட்டியை அதற்கு அருகில் வைப்பது.

முதல் நாள் விளக்கும் வேண்டாம், இரையும் வேண்டாம். பிறகு சிறிய மீனுக்கு நாளைக்கு நான்கைந்து வேளை, ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவு. இறால் சதையை அரைத்து கடல்பாசிக் கூழில் கட்டி, தட்டையாக உறையவைத்தது, மாற்றாக நல்ல குருணைத் தீனி. சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழு கூடவே கூடாது. கடைசி வேளைக்குப் பின் அடியில் கிடப்பதை டியூபால் உறிஞ்சி, 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், தினமும். புதுத் தண்ணீரின் வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் மாறக்கூடாது. ஹீட்டரை அணைக்காமல் தண்ணீர் இறக்கினால் அதன் கண்ணாடி வெடிக்கும்.

வாதுமை இலை இந்தப் பக்கம் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கும். தானே பழுத்துக் காய்ந்ததைக் கழுவி நூறு லிட்டருக்கு இரண்டு போடலாம். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் பிஎச் நகராது, நிறம்தான் மாறும்.

வெள்ளை நூல்போலக் கழிவு, மூலையில் ஒதுங்கல், இரை மறுப்பு சேர்ந்து வந்தால் குடல் ஒட்டுண்ணி. தனித்தொட்டியில், 32 டிகிரியில், 40 லிட்டருக்கு மெட்ரோனிடசோல் 250 மி.கி., தினமும் பாதித் தண்ணீர் மாற்றி மாற்றிய அளவுக்கு மருந்து சேர்த்து ஐந்து நாள். ஒரு செவுளை மூடிக்கொண்டு வேகமாக மூச்சுவிட்டால் அது செவுள் புழு, மெட்ரோனிடசோல் அதற்குக் கேட்காது. பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2 மி.கி. இரண்டையும் கலந்து ஊற்றும் முன், அமோனியாவை ஒருமுறை அளந்துவிடுங்கள். பாதிக்கு மேல் "நோய்" அங்கேயே தெரிந்துவிடும்.