கொம்பு, கால், தவேத்தோ: யாங்கோன் ஞாயிறு வகுப்பு

மார்ச் 24, 2019

கோடை விடுமுறை. பர்மாவின் யாங்கோனில், கோயில் மண்டபத்தில் தமிழ் படிக்கப் பதினோரு பிள்ளைகள். காதால் படிப்பவர், கண்ணால் படிப்பவர், கையால் படிப்பவர் என்று போன வாரமே மூன்று பாயில் பிரித்து உட்கார வைத்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

காதுப் பாயில் இருக்கும் ஏழு வயதுப் பையன் இன்று பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தான். கண் புத்தகத்திலேயே இல்லை. கடைசி வரியிலிருந்து மேலே வாசி என்றேன். வாயே திறக்கவில்லை. அக்கா வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அத்தனையும் மனப்பாடம்!

மார்ச் 31

'கொடி' என்ற சொல்லில் அவன் மாட்டிக்கொண்டான். கொம்பு முதலில் நிற்கிறது, ஒலி பிறகு வருகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. சட்டென்று தோன்றியது: பர்மிய எழுத்திலும் இதே கதைதானே! "பள்ளிக்கூடத்தில் 'கோ' எப்படி எழுதுவாய்?" என்றேன். விரலால் தரையில் எழுதிக்கொண்டே ராகம் போட்டான்: "கஜீ, தவேத்தோ, யேச்சா... கோ!" முன்னால் ஒரு குறி (தவேத்தோ), பின்னால் ஒரு குறி (யேச்சா), நடுவில் எழுத்து (கஜீ, அதாவது க). அப்படியே நம் 'கொ'.

"இதுவும் அதேதான்டா. ஒற்றைக் கொம்பு, க, கால்."

"அவ்வளவுதானா, சயாமா?" என்றான். (இங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

பர்மியத்தில் 'தொப்பை த' என்றே ஓர் எழுத்துக்குப் பெயர். நமக்கும் மூணுசுழி ண, ரெண்டுசுழி ன இருக்கிறதே. அப்பத்தா சொல்லிக் கொடுத்ததை நான் ஏன் விட்டேன்?

ஏப்ரல் 7

மனோதத்துவம் படிக்கும் தங்கச்சி மகளிடம் மூன்று பாய் கதையைச் சொன்னேன். சிரித்தாள். 2008இல் பேஷ்லர் உட்பட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசினார்களாம். காது, கண், கை என்று படிக்கும் பாணிக்கேற்பப் பிரித்துக் கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லையாம். பிள்ளைகள் ஒரே மாதிரி என்று யாரும் சொல்லவில்லை; பாய்தான் தப்பு. சரி, பாயைச் சேர்த்துப் போட்டேன். தட்டில் அரிசி பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே எல்லோரும் உரக்கச் சொன்னார்கள். காது கிழிந்தது.

ஏப்ரல் 21

போன ஞாயிறு திஞ்சான், தண்ணீர்த் திருவிழா, வகுப்பில்லை. அந்தப் பையன் மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன். வாசல் பலகைமுன் நின்று விரலை ஆட்டி, "கா... ல... ணி. மூணுசுழி!" என்கிறான். அடுத்த சொல் 'இங்கே'. 'ங்'கில் நின்றுவிட்டான்.

"இது என்ன சயாமா, நாற்காலி மாதிரி?"