டக் படகை யாரும் கேட்பதில்லை

கனடாவில், ஹியூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் சேரும் முனையில் டோபர்மோரி என்று ஒரு சின்ன ஊர். ஒரு கோடை முழுக்க அங்கே கண்ணாடித் தளப் படகில் வேலை பார்த்தேன். கயிறு கட்டுவது, டிக்கெட் வாங்குவது, பிள்ளைகளைக் கம்பிக்கு இந்தப் பக்கம் இழுத்துவிடுவது, நடுவில் மைக் பிடித்து, மூழ்கிய கப்பல்களைப் பற்றிப் பேசுவது.

எல்லோரும் பார்க்க வருவது ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ என்ற பாய்மரக் கப்பலை. 1867இல் கட்டியது. 1885இல் கோவ் தீவருகே அடிபட்டு, பிக் டப் துறைமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டு, அங்கேயே மூழ்கியது. இருபது அடி ஆழம்தான். நீர் குளிர்ந்த நன்னீர் என்பதால் கடலில் மரத்தைத் துளைக்கும் புழு இங்கே இல்லை. பலகை பலகையாகத் தெரியும். டொராண்டோவின் ஸ்காபரோவிலிருந்து வந்த ஓர் அம்மா என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதில எத்தினை பேர் செத்தவை?” ஒருவரும் இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதை இழுத்து வந்தது எது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஒரு டக் (tug) படகு; பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கும் சின்ன நீராவிப் படகு. அந்த இனத்தின் மிச்சங்களும் இங்கேயே கிடக்கின்றன. லிட்டில் டப் துறைமுகத்துப் பக்கம் பாப் ஃபுட், ஆலிஸ் ஜி, ராபர்ட் கே, ஜான் அண்ட் அலெக்ஸ் என்று நான்கு. நாற்பது அடிக்குள்தான், கரையிலிருந்தே இறங்கலாம். வேலை முடிந்த மாலைகளில் நான் ஆலிஸ் ஜி மேல் மிதந்துகொண்டிருப்பேன். 1927இல் மூழ்கியது. அடிப்பாகத்து விலா மரங்கள், அவற்றின் நடுவே துருவேறிய பெரிய கொதிகலன், பின்னால் சுழலி. அந்தச் சின்ன மர உடம்புக்குள் அவ்வளவு பெரிய நெருப்பை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். புயலில் தப்பிய படகு துறையில் கட்டியிருக்கும்போதே எரிந்துபோவது அந்தக் காலத்தில் அதிசயமில்லை.

டக் படகுகள் எல்லா வேலையும் செய்தன. எனக்குப் பிடித்தது கட்டை இழுப்பு. பெரிய மரங்களின் நுனியில் துளை போட்டு, சங்கிலியால் ஒன்றோடொன்று கோத்து ஒரு வளையம்; அதற்குள் ஆயிரக்கணக்கான பைன் கட்டைகள் சும்மா மிதக்கும். மாடுகளைப் பட்டியோடு ஓட்டிப்போவது மாதிரி. 1880களிலும் 90களிலும் ஜார்ஜியன் விரிகுடாவில் வெட்டிய மரம் இப்படித்தான் ஹியூரான் ஏரியைக் கடந்து அமெரிக்காவின் மிச்சிகனில் சாகினா, பே சிட்டி அறுவை ஆலைகளுக்குப் போனது. காற்று எழுந்தால் வளையம் அறுந்து கட்டையெல்லாம் ஏரி முழுக்க. 1898இல், அரசு நிலத்தில் வெட்டிய பைனை உள்நாட்டிலேயே அறுக்கவேண்டும் என்று கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு சொல்லிவிட, அந்தப் போக்குவரத்து ஓய்ந்தது.

இதையெல்லாம் மைக்கில் சொல்லத் தொடங்கியபோது கேப்டனுக்குப் பிடிக்கவில்லை. சனம் காசு கொடுத்தது பாய்மரக் கப்பலுக்கு என்றார். அவர் சொன்னதும் சரிதான். பிக் டப் வாசல் வரும்வரை பேசிக்கொள் என்று கடைசியில் விட்டுவிட்டார்.

கட்டைகளோடு டக் எவ்வளவு வேகம் போகும் என்று ஒருநாள் ஒரு பையன் கேட்டான். மணிக்கு ஒரு மைல், மிஞ்சினால் இரண்டு என்றேன்.

“நான் நடந்தே முந்திடுவேன்” என்றான்.